கொஞ்சம் சுகமில்லை, வா

அண்ணையின் அழைப்பு வந்தபோது நான் நல்லூரில் ஒரு ரியூசன் கொட்டிலில் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். தமிழ் படிப்பிக்கும் எனக்கு அங்கே ஒரு கெட்ட பெயர் உண்டு. கேட்ட கேள்விக்கு நேராக விடை எழுதாவிட்டால் புள்ளி போடமாட்டேன். "சுத்தி வளைக்காதை, விசயத்தைச் சொல்லு" என்பது நான் வகுப்பில் ஓயாமல் சொல்வது. முதுகுக்குப் பின்னால் என் குரலில் அதைச் சொல்லிப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

"அப்பாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை," என்றார் அண்ணை. "ஒண்டுக்கும் யோசிக்காதை. வெளிக்கிட்டு வா."

"ஓம் அண்ணை, வாறன்," என்றேன். அவர் வைத்துவிட்டார்.

சிவப்புப் பேனை எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. அப்பா செத்துப்போனார் என்று எனக்கு விளங்கிவிட்டது.

வெளியூர் ஆட்களுக்கு இதை விளக்கித்தான் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் சாவை யாரும் தொலைபேசியில் சொல்வதில்லை. மாமி இறந்து, உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் எங்களுக்கு வந்த செய்தி, "மாமிக்குக் கொஞ்சம் ஏலாமல் கிடக்கு, வந்து பாருங்கோ" என்பதுதான். சித்தப்பா இறந்தபோதும் அப்படித்தான் ஒரு வார்த்தை வந்தது. வருகிறவர் வழியில் மயங்கி விழக்கூடாது, மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோய் மதகில் அடிக்கக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். கேட்பவரும் திருப்பிக் கேட்பதில்லை. கேட்பதானால் அந்தச் சொல்லை நாமே வாயால் சொல்ல வேண்டும். தப்பித்தவறி ஆள் உயிரோடு இருந்தால், நாம் சொன்னது பலித்துவிடும் என்ற பயம் வேறு. ஆகவே ஒருவர் மெல்லச் சொல்ல, மற்றவர் அதைப் பெரிதாக்கி விளங்கிக்கொள்ள, எல்லோரும் வெள்ளைச் சேலையோடு சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். இத்தனை காலமும் இது பிழையாய்ப் போனதில்லை.

"யோசிக்காதை" என்ற சொல்தான் என்னை உறுதியாக நம்ப வைத்தது. எங்கள் பேச்சில் அதற்குக் கவலைப்படாதே என்று பொருள். யோசிப்பதும் கவலைப்படுவதும் எங்களுக்கு ஒரே வேலை. அதனால்தானோ என்னவோ, யோசிக்காதே என்று சொல்லப்பட்ட அந்தப் பின்னேரம் நான் உண்மையிலேயே யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் உடுப்பிட்டிக்கு நேரே போயிருப்பேன்.

நான் போனது உடுவிலுக்கு, என் வீட்டுக்கு. அது வேறு திசை. கட்டியிருந்தது கரும்பச்சைச் சேலை. அதோடு அந்த வீட்டு முற்றத்தில் போய் இறங்க முடியுமா? அலுமாரியைத் திறந்து, செத்தவீடுகளுக்கென்று ஒரு பக்கமாக வைத்திருக்கும் வெள்ளைப் பருத்திச் சேலையை எடுத்துக் கட்டினேன். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு வரைக்கும் அங்கே நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டு மாற்று உடுப்புகளை மடித்து வைத்தேன். பூனைக்குச் சாப்பாடு வைத்தேன். பின்வளவுக் கதவைப் பூட்டினேனா என்று திரும்பிப் போய்ப் பார்த்தேன். இதையெல்லாம் அழாமல் செய்தேன். இறந்தவருக்காக யாரும் அவசரப்படுவதில்லை.

பிறகு கனடாவில் இருக்கும் தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே அப்போது விடியப்புறம். "அப்பாவுக்குக் கொஞ்சம் சுகமில்லையாம்," என்றேன்.

"எப்ப?" என்றாள்.

"தெரியேல்லை."

அவள் அழத் தொடங்கினாள். அந்த அழுகையைக் கேட்டபிறகு எனக்கிருந்த கடைசிச் சந்தேகமும் போய்விட்டது. என் வாயிலிருந்து போன சொல்தான் அவளிடமிருந்து அழுகையாகத் திரும்பி வருகிறது என்று அப்போது தோன்றவே இல்லை. வேலைக்காகக் கிளிநொச்சிக்குப் போயிருந்த என் கணவருக்கும் அதே வரியை அனுப்பினேன். "சொந்தக்காரருக்கும் சொல்லிக்கொண்டு வாறன்" என்று அவர் பதில் போட்டார்.

ஓட்டோக்காரர் என் சேலையைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அச்சுவேலி தாண்டியதும், "கெதியாப் போகவோ அக்கா?" என்றார். "இல்லைத் தம்பி, ஆறுதலாப் போங்கோ," என்றேன். அவர் வேகத்தைக் குறைத்தார்.

வல்லை வெளியில் காற்று ஓட்டோவைப் பிடித்து ஆட்டியது. இரண்டு பக்கமும் தண்ணீர், மறைப்பதற்கு ஒரு மரமில்லை. அங்கேதான் பயம் என்னை முழுதாகப் பிடித்தது. துக்கம் பிறகு வரும் என்று தெரியும், அது எனக்குப் பழக்கம். இது வேறு. அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயம். வாய் திறந்திருக்குமோ, கண்ணை யாராவது மூடியிருப்பார்களோ என்ற பயம். தோட்டத்தில் விழுந்து கிடந்தாரோ, யாரையாவது கூப்பிட்டாரோ, ஒருவருக்கும் கேட்கவில்லையோ என்று மனம் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியது. எல்லாவற்றையும்விட, நான் வாசல் படலையைத் திறக்கும்போது உள்ளேயிருந்து எழும்பும் அந்த முதல் ஒப்பாரிக்குப் பயந்தேன். பயணம் முடியாமல் இப்படியே போய்க்கொண்டிருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

உடுப்பிட்டியில் எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை வெறுமையாகக் கிடந்தது. பந்தல் இல்லை, கதிரைகள் இல்லை, பறைச் சத்தம் இல்லை. எங்கோ ஒரு தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அமைதி என்னை இன்னும் கலக்கியது. ஆட்கள் வருவதற்கு முன் வந்துவிட்டேன், தனியாகப் பார்க்கப் போகிறேன் என்று தயங்கினேன்.

அப்போது உள்ளே அப்பா இருமினார்.

செத்த மனிதர் இருமமாட்டார் என்பது எனக்கு விளங்க நேரம் எடுத்தது. படலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். பிறகு பையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அப்பா விறாந்தையில் சாய்வுக் கதிரையில் இருந்தார். மேலில் சட்டை இல்லை. முகம் சாம்பல் நிறத்தில் வேர்த்து வழிந்தது. ஒரு கையால் நெஞ்சின் நடுப்பகுதியைத் தடவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பாதி குடித்த சோடாப் போத்தல். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்கை பிள்ளை செத்தவீடு?" என்றார்.

என் முகத்தைப் பார்த்தார், பிறகு சேலையைப் பார்த்தார், பிறகு திரும்பவும் முகத்தைப் பார்த்தார். அவர் கை நெஞ்சில் அசையாமல் நின்றது. அவர் விளங்கிக்கொண்டதை நான் கண்ணால் கண்டேன். வாழ்நாளில் அதுபோல ஒன்றை நான் பார்த்ததில்லை, இனிப் பார்க்கவும் வேண்டாம்.

அண்ணை என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனார். மத்தியானம் அப்பாவுக்கு நெஞ்சு நொந்திருக்கிறது. வாய்வு என்று இஞ்சி போட்டுத் தேத்தண்ணி குடித்தும் நிற்கவில்லை. அண்ணை பக்கத்து டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். டொக்டர் நெஞ்சில் வயர் பூட்டிப் பார்த்துவிட்டு, ஒரு குளிசையைச் சப்பக் கொடுத்து, அண்ணையைத் தனியாக வெளியே கூப்பிட்டு, "மாரடைப்பு, உடனை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ, ஒரு நிமிசமும் நிக்காதேங்கோ" என்றிருக்கிறார். அண்ணை உள்ளே வந்து அப்பாவிடம், "ஒண்டுமில்லையாம் அப்பா. சும்மா ஒருக்கா யாழ்ப்பாணத்திலையும் காட்டட்டாம்" என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதும் அப்பா வீட்டுக்குப் போவோம் என்று பிடிவாதமாகத் திரும்பி வந்து கதிரையில் இருந்தவர், இன்னும் எழும்பவில்லை. "பிள்ளை உடுவிலாலை வரட்டும், பேந்து பாப்பம்" என்கிறாராம்.

"ஏன் அண்ணை எனக்கு மாரடைப்பு எண்டு சொல்லேல்லை?"

"நீ பயந்திடுவாய் எண்டுதான்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அண்ணையை அடித்திருப்பேன். ஆனால் எனக்குள் வேறொன்று குளிர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. நான் சேலை கட்டிய நேரம், பூனைக்குச் சோறு வைத்த நேரம், ஆறுதலாகப் போங்கோ என்று சொன்ன நேரம் எல்லாம் அப்பா இந்தக் கதிரையில் என் வரவைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். அம்புலன்சுக்கு எடுத்தேன். வருகிறோம் என்றார்கள்.

விறாந்தைக்கு வந்தோம். "அப்பா, வெளிக்கிடுங்கோ," என்றார் அண்ணை. "ஒண்டுமில்லை. ஒருக்காக் காட்டிப்போட்டு உடனை வந்திடலாம்."

"ஒண்டுமில்லையெண்டால் ஏன் வர?" அப்பாவின் குரல் வற்றிப்போயிருந்தது. "நான் ஒரு இடமும் வரேல்லை. இஞ்சையே கிடக்கிறன்."

"சும்மா ஒரு சின்னச் சோதினை அப்பா."

"எனக்குத் தெரியும். விடு."

அண்ணை ஒவ்வொரு தடவை ஒன்றுமில்லை என்று சொல்லும்போதும் அப்பாவின் முகம் இன்னும் இறுகியது. கதிரையின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். ஏன் என்று எனக்குத் தெரியும். இந்த வீட்டில் அந்தச் சொல்லை முன்பும் பாவித்திருக்கிறோம். அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு நாங்கள் சொன்னது வயிற்றுப் புண் என்று. நோயின் பெயரை வீட்டில் யாரும் சொல்லவில்லை. "அந்த வருத்தம்" என்றுகூடச் சொல்லவில்லை. சிகிச்சைக்குத் தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த ஊர்ப்பெயரைச் சொன்னாலே என்ன நோய் என்று ஆட்களுக்குத் தெரிந்துவிடும். ஆகவே வாகனத்தில் ஏறும்போது, காங்கேசன்துறைப் பக்கம் ஒரு நல்ல டொக்டர் இருக்கிறார் என்று அப்பாதான் சொன்னார். ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை என்று சொல்லிச் சொல்லியே அம்மாவைச் சுடலைக்கு அனுப்பிவைத்தோம். அந்தப் பாசையை எங்களுக்குப் படிப்பித்தவரிடமே இப்போது நாங்கள் அதைப் பேசிக்கொண்டிருந்தோம். போதாக்குறைக்கு, எதிரே செத்தவீட்டுச் சேலையோடு மகள்.

ஆஸ்பத்திரிக்குப் பயந்து அவர் மறுக்கவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது, பிள்ளைகள் மறைக்கிறார்கள், சாவதென்றால் வீட்டிலேயே சாவோம் என்று முடிவெடுத்திருந்தார். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே விட்டால் அது உண்மையாகவும் ஆகிவிடும்.

நான் அவருக்கு முன்னால் நிலத்தில் இருந்தேன். பொழுதுபடுகிற நேரம், விளக்கு வைக்கிற நேரம். சாவு என்பது அந்த நேரத்தில் வீட்டில் சொல்லக்கூடாத சொல்.

"அப்பா, உங்களுக்கு வந்தது மாரடைப்பு. வாய்வு இல்லை. இருதயத்துக்கு ரத்தம் போற குழாய் ஒண்டு அடைச்சுப்போச்சு. இதிலை இருந்தால் செத்துப்போவியள்."

"விசரே உனக்கு!" என்று அண்ணை கத்தினார். "இருதய வருத்தக்காரனுக்குச் சொல்லுற கதையே உது?" அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. இந்த வார்த்தையைக் கேட்டே அப்பாவின் நெஞ்சு நின்றுவிடும் என்று அவர் மனதார நம்பினார். எனக்கும் அந்தப் பயம் இல்லாமலில்லை. சொல்லி முடிப்பதற்குள் அவர் சரிந்துவிட்டால், நான்தான் கொன்றேன் என்று வாழ்நாள் முழுக்க இருக்கும். ஆனாலும் நிறுத்தினால் மறுபடி தொடங்க எனக்குத் துணிவு வராது.

"இப்ப போனால் ஊசி போட்டு அடைப்பைக் கரைக்கலாமாம். தப்புவியள் எண்டு சத்தியம் பண்ண என்னாலை ஏலாது அப்பா. ஆனால் டொக்டர் கைவிடேல்லை. கைவிட்டிருந்தால் ஓடுங்கோ எண்டு சொல்லியிருக்க மாட்டார், வீட்டை வைச்சுப் பாருங்கோ எண்டிருப்பார்."

அப்பா என்னையே பார்த்தார். அவர் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"அப்ப நீ ஏன் உந்தச் சீலையோடை வந்தனி?"

"அண்ணை சொன்ன விதத்திலை நீங்கள் செத்துப்போனியள் எண்டு நினைச்சிட்டன்."

அப்பா மெல்ல அண்ணையின் பக்கம் திரும்பினார். "நீ என்னடா சொன்னனி?"

"கொஞ்சம் சுகமில்லை எண்டுதான்..." என்றார் அண்ணை.

"உண்மையைத்தானே சொல்லியிருக்கிறான்," என்றார் அப்பா. சிரிக்கப் பார்த்தார், நெஞ்சு விடவில்லை. கண்ணை மூடித் திறந்தார். "என்ரை சேட்டை எடு, போட்டுக்கொண்டு வாறன்."

அம்புலன்சில் அவரை ஏற்றிக்கொண்டிருக்கும்போது ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. என் கணவர் சொல்லி விட்ட சொந்தக்காரர்கள், வெள்ளை வேட்டியும் தொங்கிய முகமுமாக. படுத்திருந்த அப்பா அவர்களைப் பார்த்துக் கையைத் தூக்கி அசைத்தார். ஒருவர் பயந்து இரண்டடி பின்னால் போனார். வேறொரு நாளென்றால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று எனக்குச் சிரிப்பு எந்தப் பக்கத்திலும் வரவில்லை. வழி முழுக்க அப்பாவின் மூச்சையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு மூச்சும் போனால் அடுத்தது வரும்வரை என் மூச்சும் நின்றது.

அன்றிரவைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. விடிந்தபோது அவர் உயிரோடு இருந்தார். தங்கச்சிக்கு எடுத்து, "அப்பா உயிரோடை இருக்கிறார். மாரடைப்பு வந்தது. ஆபத்து இன்னும் தாண்டேல்லை," என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். "உண்மையாவோ, உண்மையாவோ" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நம்ப வைக்க அப்பாவின் படத்தை எடுத்து அனுப்ப வேண்டியிருந்தது.

காலையில் டொக்டர் எங்கள் இருவரையும் வாசலுக்குக் கூப்பிட்டார். ஊசி வேலை செய்திருக்கிறது. ஆனால் நேரம் போய்விட்டதால் இருதயத்தின் ஒரு பகுதி பழுதாகிவிட்டது. இன்னொரு தடவை வரலாம். வந்தால் தாங்குவது கடினம். சோதனை செய்து பார்த்துத்தான் மேற்கொண்டு சொல்ல முடியும். நேரம் போய்விட்டது என்று அவர் சொன்னபோது என் கண்முன் அலுமாரிக் கதவு திறந்து மூடியது.

அவர் போனதும் அண்ணை என் கையைப் பிடித்தார். "இதை அப்பாவுக்கு இப்ப சொல்ல வேண்டாம். ஓரளவு தேறட்டும்," என்றார். கெஞ்சுகிற மாதிரித்தான் கேட்டார். எனக்கும் அதுதான் ஆசை. நேற்றுச் சொன்னது அவரை எழுப்புவதற்கு. இன்று சொல்லி எதை எழுப்பப் போகிறேன்? உள்ளே போய், எல்லாம் நல்லம் என்று சொல்லிவிட்டு, கஞ்சி வாங்க வெளியே வந்துவிடலாம். வார்த்தை நாக்கின் நுனியிலேயே இருந்தது.

அப்பா கட்டிலில் வாசலைப் பார்த்தபடி கிடந்தார். நாங்கள் வெளியே கதைத்த நேரம் முழுக்க அவர் எங்கள் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் கிட்டப் போனதும், "என்னவாம்?" என்று கேட்கவில்லை. பேசாமல் என் வாயைப் பார்த்தார்.

சொன்னேன். பழுதான பகுதியைச் சொன்னேன். இன்னொரு தடவை வரலாம் என்பதையும் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்னேன். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அண்ணை யன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

அப்பா மேலே முகட்டைப் பார்த்தபடி தொடங்கினார்.

"அம்மா ஒருக்கா என்னட்டைக் கேட்டவ. 'இஞ்சாருங்கோ, நான் தப்புவனோ' எண்டு. உனக்கு ஒண்டுமில்லை, புண்தான், ஆறீடும் எண்டனான். அதுக்குப் பிறகு அவ ஒண்டும் கேக்கேல்லை. தோட்டத்துக்குத் தண்ணி விட்டாச்சோ, வெங்காயம் பிடுங்கியாச்சோ எண்டுதான் கேப்பா. நானும் வெங்காயக் கதையே கதைச்சுக்கொண்டிருந்தன்."

தலையை என் பக்கம் திருப்பினார்.

"அவவுக்குத் தெரிஞ்சிருக்கும், என்ன?"

"ஓம் அப்பா."

"அப்ப அவ தனியத்தான் பயந்திருப்பா. அவ்வளவு நாளும்."

இல்லை அப்பா, அப்படி இருக்காது என்று சொல்ல என் வாய் திறந்தது. அம்மாவின் கடைசி மாதங்கள் எனக்கு நினைவில் இருந்தன. நாங்கள் அறைக்குள் வரும்போதெல்லாம் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பும் நினைவில் இருந்தது.

"ஓம் அப்பா," என்றேன்.

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக ஓடியது. துடைக்கவில்லை. ஊசி குத்தியிருந்த கையை நகர்த்தி என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். அது இன்னும் அதே வெள்ளைச் சேலைதான், மாற்ற நேரம் கிடைக்கவில்லை.

"எனக்கும் பயமாக் கிடக்கு பிள்ளை," என்றார். "போகாதை. இதிலை இரு."

இருந்தேன்.